முன்பணம் திரும்பி வந்த விதம்

நார்த் டகோட்டா
பிப்ரவரி 10, 2014

ஓரின்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. எஞ்சினைச் சூடாக்கும் கம்பியை இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைத்தால்தான் வண்டி உறையாமல் இருந்து காலையில் அதற்கு உயிர் வருகிறது.

நான் போன் செய்தால் உனக்கு மணி அடிக்காதபடி செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். கிறிஸ்துமஸுக்கு நீ உன் அண்ணிக்கு அனுப்பிய வாழ்த்து அட்டையில் முகவரி இருந்தது. நான் எழுதுவது மார்லிஸுக்குத் தெரியாது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் டிரெய்லர் வீடு ஒன்றை ஆர்டர் செய்து முன்பணமும் கட்டிவிட்டார். பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற ரகம் இல்லை. அதன் கழுத்து பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் வந்து உட்காருமே, அந்த ரகம். இப்போது கணக்குப் பார்த்தால் அவருடைய பிக்கப்புக்கு அது கொஞ்சம் கனம் போலத் தெரிகிறது. நீ இருக்கும் பக்கம் குளிர்காலத்தில் அந்த மாதிரி வண்டிகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும் என்று கேள்வி. நீயும் ஆயுள் முழுக்கப் பாரம் இழுத்தவன். கொஞ்சம் கூடுதலான எடையோடு இங்கிருந்து அரிசோனா வரை ஓட்டி வருகிறவர்கள் உண்டா? பின் அச்சு தாங்குமா?

அவர் இதை யாரிடமும் கேட்க விரும்பவில்லை. அவருக்காகத்தான் கேட்கிறேன்.

வெர்னன்


யூமா, அரிசோனா
பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய எடை மேடை அதிகாரி வெர்னன் ஃபோஸ் அவர்களுக்கு,

உங்களுக்குத் தெரிந்த அந்த ஒருவருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவரை எனக்கும் தெரியும் போலிருக்கிறது. போன மாதம் அண்ணி ஒரு பத்திரிகைத் துண்டை வெட்டி அனுப்பியிருந்தார். டிரெய்லர் கண்காட்சியில் ஒரு ஆள் துடுப்பு அளவுக்கு ஒரு அட்டைச் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அண்ணி சிரித்தபடி நிற்கிறார். அந்த ஆளுக்கு உங்கள் மூக்கு, உங்கள் தொப்பி. ஆச்சரியமான ஒற்றுமை.

ராத்திரி சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தேன். என் பக்கத்து டிரெய்லர்க்காரர் கதவைத் தட்டி, "என்னப்பா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அந்த அறுவடைக் காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. கோதுமை ஏற்றிக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகளை எடை பார்க்கிற மேடையில் நீ இருந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாய்: "டிரைவர், லைசென்ஸ் எடுங்க." பின் அச்சில் எடை கூடியிருந்தது, சரி, அதை நான் என்றைக்கும் மறுக்கவில்லை. அபராதம் எழுதினாய், கட்டினேன். ஆனால் இன்னொரு லாரி வந்து அதிகப்படிக் கோதுமையை மாற்றும் வரை பொழுது சாயச் சாய என்னை ரோட்டோரமாக நிறுத்தி வைத்தாய். ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நீ ஜன்னலுக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தாய். ஒரு கப் எனக்கும் கொண்டு வந்து கொடுத்திருக்கலாம். ஓர் அண்ணன் அதைச் செய்திருப்பான்.

கேள்விக்குப் பதில்: கூடுதல் எடையோடு வருகிறவர்கள் உண்டு. டயர் வெடித்து மலைச்சரிவில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு ஓவர் என்று உன் நண்பரைக் கேட்டுச் சொல்.

ஓரின் ஃபோஸ்


நார்த் டகோட்டா
பிப்ரவரி 24

ஓரின்,

எண்ணூறு பவுண்டு.

எழுதிவிட்டேன். மூன்று தாள் கிழித்த பிறகு எழுதினேன். நண்பர் யாரும் இல்லை.

இழுக்கும் பலம் என் பிக்கப்புக்கு இருக்கிறது. சுமக்கும் பலம்தான் இல்லை. டிரெய்லரின் கழுத்து தொட்டியில் உட்கார்ந்து, நாங்கள் இரண்டு பேரும் ஏறினால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. எவ்வளவு சுமக்கலாம் என்பது டிரைவர் பக்கத்துக் கதவின் உள் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் அச்சடித்திருக்கிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவன் கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் படித்தவன் நான். என் கதவைப் படிக்கவில்லை. போன மாதக் கடைசியில் கீல் உறைந்துபோய் எண்ணெய் விடக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்தக் குளிரில் எனக்கு வேர்த்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கண்காட்சியில் விற்பனைக்காரன் கர்ட் என்னைக் கேட்டான். பையன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"சார், உங்க பிக்கப் கதவுல இருக்கற சீட்டு ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோமா? வாசல்லதானே நிக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நீ டயப்பர் கட்டியிருந்த காலத்துலயே நான் லாரி எடை பாத்தவன். எனக்கே நீ சொல்லித் தர்றியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிளெய்டன் இருந்தான், ரோலி இருந்தான், பாதி ஊர் இருந்தது. கர்ட் முகம் சிவந்து ஆர்டர் படிவத்தை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். மார்லிஸ் காசோலை எழுதினாள். ஐயாயிரம் டாலர், பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் நின்று சம்பாதித்த பணம். முன்பணம் கட்டியவர்களுக்காக அங்கே ஒரு வெண்கல மணி தொங்க விட்டிருந்தார்கள். அதை அவளை அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் படம் டீலர் கடையின் சுவரில் மாட்டியிருக்கிறது.

இண்டியானாவில் தொழிற்சாலை எங்கள் வண்டியைக் கட்ட ஆரம்பிப்பது மார்ச் கடைசியில். அதற்கு முன்னால் வேண்டாம் என்றால் முன்பணம் முழுசாக வந்துவிடும். ஆரம்பித்துவிட்டால் ஒரு டாலர் வராது. ஆகையால் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். இரண்டு தடவை போனேன். முதல் தடவை கடைக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த தடவை உள்ளே போய், டிரெய்லர் வாசல் படிக்கு ஒரு கால்மிதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒரு யோசனை. என் பிக்கப்பை விற்றுவிட்டு உன்னுடைய பழைய கனரகப் பிக்கப்பை நான் வாங்கிக்கொண்டால்? பெரிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது, வாங்கினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். என்ன விலை சொல்வாய்?

மார்லிஸிடம் இன்னும் சொல்லவில்லை.

வெர்னன்


யூமா
மார்ச் 3

வெர்னன்,

என் பிக்கப்பை உனக்கு விற்க மாட்டேன். விலை பிரச்சினை இல்லை. வாயில் வராத ஒரு வாக்கியத்துக்காக நீ ஒரு வண்டியே வாங்கப் பார்க்கிறாய், அதுதான் பிரச்சினை.

வாக்கியம் இதுதான். நானே எழுதித் தருகிறேன்: "கர்ட், நான் எடையைத் தப்பாகப் பார்த்துவிட்டேன், பணத்தைத் திருப்பிக் கொடு." மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடலாம். கால்மிதியையும் திருப்பிக் கொடுத்துவிடு.

சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ரோட்டோரம் நின்றபோது ஹாரன் அடித்தவன்களோடு மறுநாளே ஒரே மேஜையில் உட்கார்ந்து, காபிக்கு யார் பணம் கொடுப்பது என்று பகடை உருட்டினேன். அன்றைக்குத் தோற்றதும் நான்தான். காதெல்லாம் எரிந்தது. ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அவமானத்தில் யாரும் செத்துப் போவதில்லை, ஃபோஸ் குடும்பத்தில் கூட.

ஊரார் இருக்கட்டும். முதலில் அண்ணியிடம் சொல். அவருடைய பணம் அது. பதினாலு வயதில் பனிப்புயலில் அவங்க அப்பாவின் தானிய லாரியைத் தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்த பெண்பிள்ளை. இதைக் கேட்டு மயங்கி விழுந்துவிட மாட்டார்.

இன்றைக்கே போ. சும்மா கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே.

ஓரின்


நார்த் டகோட்டா
ஏப்ரல் 2

ஓரின்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதும்படியாக ஒன்றும் செய்யவில்லை, அதுதான் காரணம்.

முன்பணம் வந்துவிட்டது. முழுசாக. நான் வாங்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் கராஜுக்குப் போனேன். பெயின்ட் சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு பிக்கப் கதவைத் திறந்தேன். அந்தச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று. இதைச் செய்த லாரிக்காரர்களை நான் பிடித்திருக்கிறேன், ஓரின். இரட்டை அபராதம் எழுதியிருக்கிறேன். ஒரு மூலையைக் கிளப்பினேன். அப்புறம் கை வரவில்லை. தகட்டை டிரைவர் இருக்கையிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால் தகடு துடைக்கப்பட்டு, இழுப்பறையில் அதன் இடத்தில் இருந்தது. பிக்கப் கதவு சாத்தியிருந்தது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். மார்லிஸ் ஒன்றும் கேட்கவில்லை. முட்டை பொரித்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் பெயருக்கு டீலரிடமிருந்து தபால் வந்தது. உள்ளே காசோலை. இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னாள்:

"டிரெய்லர் வேணாம்னு கர்ட்கிட்ட சொல்லிட்டேன். அவ்ளோ பெரிசப் பின்னாடி கட்டிக்கிட்டு மலையெல்லாம் ஏறி எறங்கணும்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரலன்னு சொன்னேன். பயமா இருக்குன்னேன். சரிதானே?"

என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"சரி," என்றேன். உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டேன்.

அத்தோடு போயிருந்தால் கூட மென்று விழுங்கியிருப்பேன். ஊர் விடுமா? டெப்பின் காபிக் கடையில் காலை மேஜையில் இதே பேச்சு. "வெர்னன், மார்லிஸ் உன்ன ஊர் எல்லையத் தாண்ட விடமாட்டா போலிருக்கே" என்றான் கிளெய்டன். "பாவம்பா இவன், வாழ்க்கைல ஒரு தடவ ஆசப்பட்டான்" என்று ரோலி என் முதுகைத் தட்டினான். என் காபிக்கு அவன் பணம் கொடுத்தான். நான் குடித்தேன்.

போன வெள்ளிக்கிழமை கேரமல் ரோல் வாங்க மார்லிஸ் கடைக்குள் வந்தாள். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ரோலி எழுந்து வழிவிட்டு, "பயப்படாதீங்க மார்லிஸ், வெளிய நிக்கறதெல்லாம் சின்ன வண்டிங்கதான்" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. மார்லிஸும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன், ஓரின். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

அதற்கப்புறம் அவள் டெப் கடைக்குப் போகவில்லை. புதன்கிழமை அவளோடு மெத்தை விரிப்புத் தைக்கிற பெண்கள் சர்ச்சில் வேலை முடித்துவிட்டு அங்கேதான் போவார்கள். அவள் நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "கால் வலிக்குது" என்றாள்.

இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. வேறு யாரிடமும் சொல்ல ஆள் இல்லை.

வெர்னன்


யூமா
ஏப்ரல் 8

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

எடை கூடியது தப்பு இல்லை. கர்ட்டிடம் வாய் கொடுத்தது முட்டாள்தனம், அவ்வளவுதான். சீட்டைச் சுரண்டப் போனதைக்கூட நான் மறந்துவிடுவேன். ஆனால் உன் பாரத்தை அண்ணி முதுகில் ஏற்றிவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாய். அதுவும் ரோலி காசில்.

பணம் வந்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறாயா? முன்பு அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் ஐயாயிரம் மிச்சம். இப்போது சொன்னால் உனக்கு ஒரு காசு லாபம் இல்லை. அதனால்தான் இப்போது சொல்ல வேண்டும்.

நீ சொல்லவில்லை என்றால் நான் டெப் கடைக்கு போன் செய்து சொல்வேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். செய்ய மாட்டேன். அதை நீதான் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எனக்கு மறுபடி எழுதாதே.

ஓரின்


நார்த் டகோட்டா
ஏப்ரல் 15

தம்பி,

இன்று காலை டெப் கடைக்குப் போனேன். வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். பகடை டப்பா ரோலி கையில் இருந்தது. நான் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று கிளெய்டன் நினைத்தானாம்.

"டிரெய்லர் வேணாம்னு ஆனது மார்லிஸ் பயந்ததால இல்ல. என் பிக்கப்புக்கு அது எண்ணூறு பவுண்டு ஓவர். நான்தான் சீட்டப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். பாக்கச் சொன்ன பையனோட வாயையும் அடைச்சேன். போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. என் மானத்தக் காப்பாத்த அவ போய்ப் பொய் சொன்னா. நீங்க அவளக் கேலி பண்ணினப்ப நானும் சேந்து சிரிச்சேன்."

உன் வாக்கியத்தைவிட நீளமாகிவிட்டது. எதையும் மறைக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ரோலி பகடை டப்பாவை மேஜையில் வைத்தான். அவன் கழுத்து வரை சிவந்துவிட்டது. "நான் மார்லிஸ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். கிளெய்டன் மட்டும் கேட்டான்:

"முந்நூறு பவுண்டு ஓவர்னு என்ன ஒரு தடவ நாலு மணி நேரம் நிறுத்தி வச்ச. தெரியுமா உனக்கு? எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க அன்னிக்கு."

"தெரியாது," என்றேன்.

"நீ கேக்கல."

"ஆமா. கேக்கல."

அங்கே நின்றுகொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்தது. எல்லாரும் பார்க்க ஒருவன் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அது கால் மணி நேரம். உனக்குப் பொழுது சாயும் வரை. சட்டப்படி நான் செய்ததில் தப்பில்லை என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பில்லைதான். ஆனால் உன்னை 'டிரைவர்' என்று கூப்பிட்டிருக்கக் கூடாது. காபியும் கொண்டு வந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

அங்கிருந்து கர்ட்டைப் பார்க்கப் போனேன். அவனிடமும் சொன்னேன். "பரவால்ல சார், எங்க கடைல வாரம் ஒருத்தராவது அப்படித்தான் சொல்றாங்க" என்றான். சுவரிலிருந்து எங்கள் படத்தை எடுத்துக் கொடுக்கவா என்று கேட்டான். மார்லிஸைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "டெப் போன் பண்ணா."

"என்ன சொன்னா?"

"நீ சொன்னத."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அன்னிக்கு நீ சரிதானேன்னு கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"ஆமா," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "கர்ட் கடைக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்தியே, ரெண்டு தடவையும் ராத்திரி முழிச்சிருந்தேன். எங்கிட்டயாவது சொல்லுவியான்னு. அப்பறம் அந்தத் தகட்டையும், மூல கிளம்பியிருந்த சீட்டையும் பாத்தேன். இவன் இதுக்குக்கூடத் துணிஞ்சிட்டான்னா இனி சொல்லவே மாட்டான்னு தோணிச்சு. அதான் நானே போனேன். கஷ்டமா ஒண்ணும் இல்ல. டெப் கடைல நீ சிரிச்சே பாரு, அதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை.

கோட்டை எடுத்து மாட்டினாள். பனி பூட்ஸைப் போட்டாள். எங்கே என்று கேட்டேன்.

"டெப் கடைக்கு. கேரமல் ரோல் ரொம்ப நாளாச்சு."

"நானும் வரட்டுமா?"

கதவில் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் வெர்னன். இன்னிக்கு நான் மட்டும் போறேன்."

அவள் போனதும் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். டெப் மதியத்தோடு கடையை மூடிவிடுவாள். இப்போது மதியம் தாண்டி வெகுநேரமாகிறது, மார்லிஸ் இன்னும் வரவில்லை. போன் செய்து கேட்கலாம். செய்யவில்லை. அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் இருந்துவிட்டு வரட்டும்.

உன் அண்ணன்,
வெர்னன்